தாமரைக்கு ஒரு திட்டு

இந்தத் தலை முடிந்தது, அடுத்த தலை வரட்டும். பேன் பார்ப்பதில் இருக்கிற சுகத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, பால்கனியில் வெயில் முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது, விரலெல்லாம் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் வாசனை, மடியில் வெள்ளைத் துண்டு, கையில் பேன் சீப்பு, கால்களுக்கு நடுவே ஒரு பிள்ளை. இழுக்கிற இழுப்பில் ஒன்று துண்டில் விழும், எந்தப் பக்கம் ஓடலாம் என்று ஒரு நொடி யோசிக்கும், அதற்குள் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு அழுத்து. சொடுக்கென்று கேட்கிற அந்தச் சத்தம் இருக்கிறதே, ஆபீஸில் வாரம் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் அதில் தீர்ந்துபோகும். வகுப்பில் பேன் பரவுகிறது, பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்று மிஸ் நேற்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். என் பெண்கள் இரண்டு பேருக்கும் ஏழு வயது, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச், வீட்டில் ஒரே கட்டில், ஒரு தலையில் இருந்தால் இன்னொன்றிலும் இருக்கும். யார் கொண்டுவந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. குயிலிதான். மண்ணில் புரள்கிறவள், யார் தொப்பி கிடைத்தாலும் மாட்டிக்கொள்கிறவள், வேறு யார். அவளை முதலில் இழுத்து உட்காரவைத்துப் பார்த்தேன், பார்த்த நேரமெல்லாம் திட்டினேன். "இது தலையாடி, பேன் பண்ணையா? உன்னைப் பெத்ததுக்கு ஒரு அம்மிக்கல்லைப் பெத்திருந்தா சட்னியாவது அரைச்சிருப்பேன்." அவளுக்கு அதெல்லாம் உறைக்காது. "அம்மிக்கல்லு வெயிட்டும்மா, உன்னால தூக்க முடியாது" என்றாள். இப்போது தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்கிறாள்.

தாமரை கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துவிட்டாள். எப்போதும் அப்படித்தான், இவளை எதற்கும் இரண்டாவது தடவை கூப்பிட்டதில்லை. பின்னலை அவிழ்த்தால் சுருள் சுருளாகக் கை நிறைய முடி, சீப்பு பாதியிலேயே நின்றுவிடும். குயிலிக்கு என் முடி, எண்ணெய் தடவினால் மண்டை தெரியும். இந்த முடி யாருடையது. அடிக்கடி சீப்போடு சேர்ந்து இந்தக் கேள்வியும் வந்து சிக்கும், சிக்கெடுக்கிற மாதிரியே நுனியிலிருந்து மெதுவாக எடுத்துவிடுவேன். எங்கேயோ ஒருத்தி இந்த முடியோடு பஸ்ஸுக்கு நிற்பாள், மழைக்காலத்தில் இதைக் காயவைக்க முடியாமல் அவஸ்தைப்படுவாள், எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். இரண்டு பேரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு திருச்சிக் கடைத்தெருவில் நடந்தால் செருப்புக் கடைக்காரரிலிருந்து பூக்காரம்மா வரைக்கும் கேட்பார்கள், ரெட்டையா? இல்லை. அப்ப எத்தனை வயசு வித்தியாசம்? எட்டு மாசம். அங்கேதான் பூ கட்டுகிற விரல் நிற்கும். கண் மேலே போகும், மனசுக்குள் கணக்கு ஓடும், எப்படிப் போட்டாலும் கணக்கு வராது, கடைசியில் என் வயிற்றைப் பார்ப்பார்கள், விடை அதில் ஒட்டியிருக்கிற மாதிரி. சொல்லத் தோன்றுகிற நாளில் சொல்வேன். தாமரையை மூன்று மாதக் குழந்தையாகத் தத்தெடுத்துக் கொண்டுவந்த அன்றைக்கு என் வயிற்றிலும் மூன்று மாதம், எனக்குத் தெரியாது. அத்தனை வருடம் தங்காத ஒன்று தங்கியிருக்கிறது என்று யாருக்குத் தோன்றும், குமட்டல் வந்தபோது தூக்கம் கெட்டதில் பித்தம் ஏறிவிட்டது என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. குயிலிக்கு எதிலும் பொறுமை கிடையாது, ஒரு மாதம் முன்னாலேயே வெளியே வந்துவிட்டாள், அதனால் எட்டு. சொல்லத் தோன்றாத நாளில், ஆமாங்க ரெட்டைதான் என்று சொல்லிவிட்டுப் பூவை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

பிள்ளைகளிடம் எதையும் மறைக்கவில்லை. பேச்சு புரியத் தொடங்கியதிலிருந்து அவர்களுக்குச் சோறு ஊட்டுகிற கதையே அதுதான். அப்பாவும் நானும் கார் எடுத்துக்கொண்டு போனோம், வழியெல்லாம் மழை, ஒரு பெரிய வீட்டில் தாமரை மஞ்சள் துணியில் படுத்திருந்தாள், என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். இதைக் கேட்டுக் கேட்டுக் குயிலிக்குத்தான் பொறாமை. "என்னை மட்டும் ஏன் கார்ல போய் எடுத்துட்டு வரல? நானா வந்தேனா?" நீ வயிற்றிலேயே இருந்தாயடி என்றால் அது ஒரு பெருமையாகவே அவளுக்குப் படவில்லை, மழை இல்லை, கார் இல்லை, மஞ்சள் துணி இல்லை. போன பொங்கலுக்கு வந்த என் நாத்தனார் பரிமளா, எல்லா வீட்டிலும் பிள்ளைகளைச் சீண்டுகிற மாதிரி, "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்டி" என்று குயிலியைச் சொல்லிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது, தோசைத் திருப்பியோடு அடுப்படியில் அப்படியே நிற்கிறேன். குயிலி துள்ளிக் குதித்தாள். "என்னையும் வாங்கினாங்களாம், தாமரை, என்னையும் வாங்கினாங்களாம்!" தாமரை எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டு, "தவிடுன்னா என்ன அத்தை?" என்றாள். பரிமளா நல்லவள்தான், வாய்தான் முந்திக்கொள்ளும். அவ வந்த ராசிதான் இவ பொறந்தா என்று தாமரையின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிப்பாள், கழிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராசிக்கா கொண்டுவந்தோம்? அதிர்ஷ்டத்துக்கு வாசலில் கட்டித் தொங்கவிடுகிற பொருளா அவள்? குயிலி பிறக்காமலே போயிருந்தாலும் தாமரை தாமரைதானே. குயிலி பிறந்து பால் கட்டிக்கொண்டு நான் துடித்தபோது எட்டு மாதத் தாமரை தவழ்ந்து வந்து முந்தானையை இழுத்தாள், எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை, வலது பக்கம் குயிலிக்கு, இடது பக்கம் தாமரைக்கு என்று பிரித்துவிட்டேன். பார்க்க வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வலி நின்றது, நான் நன்றாகத் தூங்கினேன்.

இதோ ஒன்று, கொழுத்தது. நசுக்கினால் நகத்தில் ஒரு பொட்டு ரத்தம். இது யார் ரத்தம். கட்டிலில் தலையோடு தலை ஒட்டிப் படுக்கிறதுகள், நேற்று அந்தத் தலையில் குடித்ததும் இன்றைக்கு இந்தத் தலையில் குடித்ததும் கலந்துதான் இருக்கும். ரத்த பந்தம் ரத்த பந்தம் என்கிறார்களே, எங்கள் வீட்டில் அது இந்தப் பேன் வயிற்றில் இருக்கிறது. எனக்கே சிரிப்பு வந்தது. தாமரை தலையைத் திருப்பாமல் "என்னம்மா?" என்றாள். ஒன்றுமில்லை கண்ணு, குனி. இன்னொன்று, இன்னொன்று. என்ன இவ்வளவு இருக்கிறது. குயிலியின் தலையில் ஏழெட்டு, அதுவும் குஞ்சு. இங்கே துண்டு கறுத்துவிட்டது. காதுக்குப் பின்னால் முடியைப் பிரித்தால் ஈர் வரிசையாக, முடி முளைக்கிற இடத்தில் இல்லை, ஒரு விரல் அகலத்துக்குக் கீழே இறங்கி வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈர் நகராது, முடிதான் வளரும். முடி இவ்வளவு வளர்ந்திருக்கிறது என்றால் இது நேற்று வந்ததும் இல்லை, போன வாரம் வந்ததும் இல்லை. கொண்டுவந்தவள் இவள். இங்கிருந்து அங்கே போயிருக்கிறது. நான் அந்தக் கழுதையைத் திட்டித் தீர்த்தபோது இவள் ஹாலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சீப்பு என் கையில் நின்றுவிட்டது. நின்றது அவளுக்கும் தெரிந்துவிட்டது போல, பிடரி இறுகியது.

"என் தலையிலதான் மொதல்ல வந்துச்சு" என்றாள் தாமரை, தரையைப் பார்த்துக்கொண்டு. "வேன்ல ரெஜினாவோட ஹேர்பேண்டை வாங்கிப் போட்டுக்கிட்டேன். அப்புறம் அரிச்சுச்சு." எனக்கு என்ன வந்தது வாயில்? எப்போதும் வருகிறதுதான் வந்தது. "பரவாயில்லடா தங்கம், அதனால என்ன, எடுத்துட்டா போச்சு." கடலைமிட்டாய் கடிக்கிற சத்தம் நின்றது. "பாத்தியா" என்றாள் குயிலி, என்னிடம் இல்லை, அவளிடம். "உன்னைத் திட்டவே மாட்டாங்க. எனக்கு அம்மிக்கல்லு, உனக்குத் தங்கம்." தாமரையின் தோள் குறுகியது. பிறகு அவள் கேட்டாள், சின்னக் குரலில், கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி. "ஏம்மா என்னைத் திட்ட மாட்டேங்கிறே? தப்பு நான்தானே பண்ணினேன்." நீ பெரியவளாச்சே என்று சொல்லப் பார்த்தேன், எட்டு மாதப் பெரியவள். நீ நல்ல பொண்ணாச்சே என்று சொல்லப் பார்த்தேன், அதுவும் இதற்குப் பதிலாகாது. சீப்பை மறுபடி இழுத்தேன். ஹாலில் என் வீட்டுக்காரர் அறவாழி ஸ்டூலில் ஏறி ஃபேன் துடைக்கிறார், ஸ்டூல் கால் கிறீச்சென்கிறது, அவருக்கும் கேட்டிருக்கும், கேட்காத மாதிரித் துடைக்கிறார்.

ஏன் திட்டுவதில்லை. திட்டுவதற்கு வார்த்தை வேண்டுமே. என்னிடம் இருக்கிற திட்டு எல்லாம் என் அம்மா என்னைத் திட்டியது, அவளுக்கு அவள் அம்மா கொடுத்தது, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதைத் தொட்டாலும் பிறப்பில் போய் முடிகிறது. உன்னைப் பெத்த வயித்துல என்று ஆரம்பிக்க முடியுமா? எங்கேர்ந்துதான் வந்து சேந்துச்சோ என்று சொல்ல முடியுமா? யாரைக் கொண்டு பொறந்திருக்கு இது என்று கேட்க முடியுமா, அவள் நிமிர்ந்து யாரைம்மா என்று கேட்டால்? தவிட்டுக் கதை கிட்டவே வரக்கூடாது. எனக்கு ஆறு வயதில் அம்மா அதைச் சொன்னபோது நான் நேராகத் தெருக்கோடி அரிசி மில்லுக்குப் போய், என் சொந்த அம்மா யார் என்று விசாரித்தேன், மில்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வெல்லக்கட்டி கொடுத்து அனுப்பினார். எனக்கு அது வெல்லக்கட்டியோடு போயிற்று, ஏனென்றால் அது பொய். இவளுக்கு எதைக் கொடுத்து அனுப்புவேன். இப்படி ஒவ்வொன்றாகக் கீழே வைத்துவிட்டேன், வைத்துவைத்து இவளுக்கென்று ஒரு திட்டும் மிஞ்சவில்லை. கண்ணு, தங்கம், பரவாயில்லடா. வீட்டுக்கு வந்தவர்கள் கண்ணாடி டம்ளரை உடைத்தால் சொல்வோமே, அந்தப் பரவாயில்லை. ஏழு வருடமாக என் பிள்ளைக்கு நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேனா. பயம்தான், வேறென்ன. பதினான்கு பதினைந்து வயதில் ஒரு நாள் கதவைப் பிடித்துக்கொண்டு நீ என்ன என்னைப் பெத்தவளா என்று கேட்பாள், கேட்கத்தான் போகிறாள், அன்றைக்கு அவள் கையில் காட்டுவதற்கு ஒரு கடுஞ்சொல்கூட இருக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். அந்தக் கேள்விக்குப் பதிலைக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசிப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவையும் சரியாக வந்ததில்லை. குயிலி அதே கேள்வியைக் கேட்டால் முதுகில் ஒன்று வைப்பேன், பதிலெல்லாம் யோசிக்க மாட்டேன். அதுதானே வித்தியாசம். அது இந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டதே. இந்த ஏழு வயதில், தலையைக் குனிந்துகொண்டே, அவள் கண்டுபிடித்துவிட்டாளே. மடியில் இருக்கிற தலை சுடுகிறது, வெயிலா, அழுகிறாளா என்று தெரியவில்லை.

சரி, இப்போது திட்டிவிடலாம். கேட்டாள், கொடுத்துவிடலாம். வாயைத் திறந்தேன். ஏன்டா கண்ணு இப்படிப் பண்ணினே என்று வந்தது, இது திட்டா, கெஞ்சல். குயிலி வாளிமேல் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறாள், அவளுக்கு இதில் தேர்ந்த ஞானம், இது செல்லாது என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது. விட்டுவிட்டேன். வேலையைப் பார்ப்போம். பிடரிக்கு மேலே, முடி அடர்ந்த இடத்தில் சீப்பை வைத்தேன், தாமரை துள்ளினாள், சத்தம் மட்டும் வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டாள். என்ன இது. முடியை இரண்டு பக்கமும் விலக்கிப் பார்க்கிறேன், புண். ஒரு நாள் புண் இல்லை, சொறிந்து சொறிந்து பொருக்குத் தட்டி, பொருக்கைப் பிய்த்து, மறுபடி சொறிந்து, சுற்றிலும் சிவந்து நீர் கோத்து நிற்கிறது. எண்ணெயும் கற்பூரமும் இதன் மேலேதான் இவ்வளவு நேரம் வழிந்திருக்கிறது, எப்படி எரிந்திருக்கும். தினம் இந்தத் தலையை நான்தான் பின்னினேன், அவசரத்தில் மேலே மேலே வாரிப் பின்னினேன், பின்னும்போதெல்லாம் இவள் அசையாமல் நின்றிருக்கிறாள். "எத்தனை நாளா இருக்கு இது?" தலையை இன்னும் குனிந்தாள். "உன்னைத்தான் கேக்கறேன். ஏன் சொல்லல?" தாமரை மெதுவாகச் சொன்னாள். "எல்லாரும் என்னை நல்ல பொண்ணுன்னுதானே சொல்றாங்க. பேன் இருந்தா நல்ல பொண்ணு இல்லல்ல. அதான் நானே எடுத்துடலாம்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் ஏறியது, யோசிக்க நேரம் கொடுக்காமல் ஏறியது. "அறிவிருக்காடி உனக்கு? தலை புழுத்துப் போற வரைக்கும் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே? அரிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? நல்ல பொண்ணாம் நல்ல பொண்ணு, யாருக்குடி வேணும் உன் நல்ல பொண்ணு? அவரும் இப்படித்தான், பல்லு வலிச்சா கன்னம் வீங்கி ஊரே பாத்ததுக்கப்புறம்தான் எனக்குத் தெரியும், கேட்டா கல்லுளிமங்கன் மாதிரி நிப்பாரு. அப்படியே உங்கப்பன் புத்திடி உனக்கு! இம்மி பிசகாம வந்து வாய்ச்சிருக்கு பாரு!" சொல்லிவிட்டு, கூடவே முதுகில் ஒன்று வைத்தேன், கை எண்ணெயில் வழுக்கிச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. அப்பன் புத்தி. ஹாலில் ஸ்டூல் கிறீச்சிடவில்லை. குயிலி வாயைத் திறந்தபடி இருக்கிறாள். எதைச் சொல்லிவிட்டேன், எதைத் தொடக்கூடாது என்று இத்தனை வருடம் காத்தேனோ அதில் நேராகக் காலை வைத்துவிட்டேனா, இவள் யோசிப்பாளே, எல்லாவற்றையும் யோசிக்கிறவளாச்சே, எந்த அப்பன் என்று யோசிப்பாளே.

தாமரை திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, உதடு கோணுகிறது. எழுந்தாள். விரித்த தலையோடு, சட்டையெல்லாம் எண்ணெய் சொட்ட, ஹாலுக்கு ஓடினாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், கால் மரத்துப்போயிருக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அங்கே விசும்பலுக்கு நடுவே அவள் குரல் கேட்கிறது. "அப்பா, எனக்கு உங்க புத்தியாம்." ஸ்டூலிலிருந்து அவர் இறங்குகிற சத்தம். "யாரும்மா சொன்னது?" "அம்மா. திட்டினாங்க. அடிச்சாங்க." விசும்புகிறாள், ஆனால் அந்த 'அடிச்சாங்க'வை அவள் இழுத்த இழுப்பு இருக்கிறதே, ரேங்க் கார்டை நீட்டுகிறவள் குரல். அவர் துணியை உதறுவது கேட்டது. பிறகு, "என்ன பண்றது, வந்துருச்சு. இனிமே மாத்தவா முடியும்" என்றார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. குயிலிக்குத் தாங்கவில்லை, வாளியிலிருந்து குதித்தாள். "அப்ப எனக்கு யாரு புத்தி? அம்மா, எனக்கு யாரு புத்தி?" உள்ளேயிருந்து தாமரைதான் பதில் சொன்னாள். "உனக்கு அம்மா புத்தி. அதான் கத்திக்கிட்டே இருக்கே." குயிலி அவளை அடிக்க ஓட, அவள் அவர் பின்னால் ஒளிய, புண்ணில் கை பட்டுவிடப்போகிறது என்று நான் இங்கிருந்தே கத்தினேன். எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்தேன், துடைத்ததில் கற்பூர எண்ணெய் கண்ணில் போய் எரிந்தது, எரியட்டும் என்று நின்றேன். ஒரு ஐந்து நிமிடத்தில் தாமரை தானாகவே திரும்பி வந்தாள். என் கால்களுக்கு நடுவே உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் கையால் பிடித்துக்கொண்டு, கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். புண்ணைச் சுற்றி ஈரத்துணியால் ஒற்றினேன். "எரியுது" என்றாள். முதல் தடவையாகச் சொல்கிறாள். ஊதிவிட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்து, "அவ்வளவுதானாம்மா?" என்றாள்.

"எது அவ்வளவுதானா?"

"திட்டு."

"இப்பதான்டி ஆரம்பிச்சிருக்கேன்" என்றேன்.